நியூஸ்கார்டு: பத்திரிகைக்கு மதிப்பெண் உண்டு, செய்தியாளருக்கு இல்லை

ஒரு செய்தியாளரை எந்த அளவுக்கு நம்பலாம், அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காக நியூஸ்கார்டு சேவைக்குச் சந்தா கட்ட நினைப்பவர்கள், அது உண்மையில் எதை மதிப்பிடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. அமெரிக்கப் பத்திரிகையுலகில் நெடுநாள் இருந்த ஸ்டீவன் பிரில், கோர்டன் க்ரோவிட்ஸ் இருவரும் 2018இல் தொடங்கிய இந்தச் சேவை, உலாவியில் சேர்த்துக்கொள்ளும் ஒரு நீட்டிப்பின் வழியாக, செய்தித் தளங்களுக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று காட்டுகிறது. மதிப்பெண் இடுபவர்கள் பயிற்சி பெற்ற பத்திரிகையாளர்கள்.

மொத்தம் 9 அளவுகோல்கள். பொய்ச் செய்திகளைத் திரும்பத் திரும்ப வெளியிடாமல் இருப்பதற்கு 22, தகவலைப் பொறுப்புடன் திரட்டித் தருவதற்கு 18, தவறுகளைத் திருத்துவதற்கும் செய்தியைக் கருத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்கும் தலா 12.5 என்று மதிப்பெண்கள் பிரிகின்றன. எழுதியவர் யார் என்று தெரிவிப்பதற்கு 5 மட்டுமே. அதுவும் அவருடைய தரத்துக்காக அன்று, பெயரோடு தொடர்பு விவரமோ சிறுகுறிப்போ தளத்தில் இருப்பதற்காகத்தான்.

சேவையின் சிறந்த பகுதி மதிப்பெண்ணுக்குக் கீழே இருக்கும் விரிவான அறிக்கை. எந்தக் கட்டுரையில் என்ன பிழை, அதைச் சுட்டிக்காட்டியபோது தளத்தினர் என்ன பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருப்பதால், தீர்ப்பை ஏற்காத வாசகரும் காரணங்களைச் சரிபார்க்க முடிகிறது. அறிக்கையை எழுதியவரின் பெயரையும் போடுகிறார்கள். மற்றவர்களிடம் கேட்பதைத் தாங்களும் செய்வது பாராட்டத்தக்கது.

ஆனால், பத்திரிகை நிறுவனத்தின் நடைமுறைகள் அனைத்தும் சரியாக இருக்கும் இடத்தில் ஒரு தனிமனிதர் பொய் எழுதினால் இந்த அளவுகோல்கள் என்ன செய்யும்? ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ், உண்மை சரிபார்ப்பதற்கென்றே பெரியதொரு பிரிவை வைத்திருந்தது. அங்கு எழுதிய கிளாஸ் ரெலோட்டியுஸ் விருதுகளைக் குவித்தவர். அவர் பாத்திரங்களையும் காட்சிகளையும் கற்பனையாகப் புனைந்திருந்ததை 2018 டிசம்பரில் அவ்விதழே ஒப்புக்கொண்டது. அவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிய ஹுவான் மொரேனோவுக்கு எழுந்த சந்தேகத்தை ஆசிரியர்கள் முதலில் ஏற்கவில்லை. மொரேனோ அமெரிக்காவின் அரிசோனாவுக்கே சென்று, அந்தக் கட்டுரையில் வந்தவர்களை நேரில் விசாரித்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரைப் பற்றி 2017இல் ரெலோட்டியுஸ் எழுதியதில், மெக்சிகோக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு பலகை ஊர் எல்லையில் நிற்கிறது. அப்படி ஒரு பலகையே கிடையாது என்பது அவ்வூர்க்காரர் எவருக்கும் தெரியும். ட்ரம்ப்புக்கு வாக்களித்த அமெரிக்கா இப்படித்தான் இருக்கும் என்று அவ்விதழின் தலைமையகம் இருக்கும் ஹாம்பர்கில் எதிர்பார்த்த சித்திரத்துக்கு அது பொருந்தியதால்தான் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை என்பது என் கணிப்பு. சார்பு பிடித்துத் தள்ளிய திசையிலேயே பொய் போயிருக்கிறது. நம்பகத்தன்மையைத் தனியாகவும் சார்பைத் தனியாகவும் அளந்தால் இது கண்ணில் படாது.

நியூஸ்கார்டு அரசியல் சார்புக்கு மதிப்பெண் கொடுப்பதில்லை. அதைக் கொடுக்கும் ஆல்சைட்ஸ் போன்றவை இடது, நடு, வலது என்று அமெரிக்க அரசியலை வைத்தே கோடு போடுகின்றன. நமக்கு அது அதிகம் உதவாது. நியூஸ்கார்டின் கவனமும் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியத் தளங்கள் மீதே இருக்கிறது. தமிழ்ச் செய்திகளை மட்டும் படிப்பவர் சந்தா கட்டத் தேவையில்லை.

அறிமுகமில்லாத வெளிநாட்டுத் தளத்தின் செய்தியை மொழிபெயர்க்கவோ மேற்கோள் காட்டவோ வேண்டியவர்களுக்கு, உரிமையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை விரைவாக அறிய இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். செய்தியாளரை எடைபோடுவதற்கு அவருடைய பழைய கட்டுரைகள், அவற்றுக்கு வந்த திருத்தங்கள், அவர் பேட்டி கண்டவர்கள் பிற்பாடு சொன்னவை ஆகியவற்றை இப்போதும் நாமேதான் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.