விடிகாலை எழுப்ப: செல்போன் அலாரமா, டைம்பீஸா?

காலை 5:30-க்கு எழுவது என்று முடிவாகிவிட்டது. எது எழுப்புவது என்பதில்தான் குழப்பம்.

செலவு: செல்போன் ஏற்கெனவே கையில் இருக்கிறது. டைம்பீஸ் சில நூறு ரூபாய். ஒரு பென்சில் செல் போட்டால் பல மாதம் ஓடும்.

துல்லியம்: செல்போன் நிமிஷம் பிசகாது. வார நாளுக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று என்றும் வைக்கலாம். முள் டைம்பீஸில் 5, 10 நிமிஷம் முன்பின் ஆகும். அதற்கு 12 மணிக் கணக்குதான் தெரியும்: மாலை 4 மணிக்கே பொத்தானைத் தூக்கிவிட்டால் அன்று மாலை 5:30-க்கே அலறும். படுக்கும்போது தூக்குங்கள். அலாரம் முள்ளை அம்புக்குறிப் பக்கமே திருப்ப வேண்டும்; எதிர்ப்பக்கம் திருகினால் உள்ளே பல்சக்கரம் கெடும்.

எழுவது: செல்போன் தோற்பது இங்கேதான். அலாரத்தை அணைத்த கை அப்படியே வாட்ஸ்அப்பைத் திறக்கும், அரை மணி காலி. டைம்பீஸை எட்டாத அலமாரியில் வைத்தால் எழுந்து போய்த்தான் தலையில் தட்ட வேண்டும். டிக் டிக் உறுத்துகிறவர்கள் சத்தமில்லாமல் வழுக்கி ஓடும் விநாடி முள் உள்ளதாகக் கேட்டு வாங்கலாம்.

ஷிஃப்ட் மாறுகிறவர்களுக்குச் செல்போன், அதுவும் சார்ஜரை அறையின் மறுகோடியில் செருகி. தினமும் ஒரே நேரத்தில் எழுகிறவர்களுக்கும் ஸ்னூஸை மூன்று தடவை தொடுகிறவர்களுக்கும் டைம்பீஸ்தான்.