எட்டு சிஸ்டம், ஒரு ஷேர் ஃபோல்டர்: மூன்று வருடப் பயன்பாட்டில் பெர்மிஷன் சிக்கல்கள்

மதுரை மாசி வீதிகளில் இருக்கிற மொத்த வியாபாரக் கடைகளில் பெரும்பாலும் சர்வர் என்று தனியாக ஒன்றும் இருக்காது. கணக்குப்பிள்ளை மேஜைக்கு அடியில் ஓடும் விண்டோஸ் ப்ரோ சிஸ்டம்தான் சர்வர். அதன் டி டிரைவில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து டாலி டேட்டா, ஸ்டாக் எக்ஸெல், ஜிஎஸ்டி ஃபைல், பில் ஸ்கேன் எல்லாவற்றையும் அதற்குள் போட்டிருப்பார்கள். எல்லா யூசரையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைன் கிடையாது; ஒவ்வொரு சிஸ்டமும் தன் யூசரைத் தானே வைத்திருக்கும் வெறும் வொர்க்குரூப். எட்டு சிஸ்டத்தோடு மூன்று வருடம் ஓடிய இப்படி ஓர் அமைப்பைப் பற்றியது இந்தக் குறிப்பு. அமைப்பு தாங்குகிறது. ஆனால் ஆள் பெயரைப் பார்த்துப் பார்த்து பெர்மிஷன் கொடுத்தால் ஆறு மாதத்தில் யாருக்கு எது திறக்கும் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

முதலில் இரண்டு கதவுகள். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் டேபில் கொடுப்பது தெருக்கதவு, செக்யூரிட்டி டேபில் கொடுப்பது அறைக்கதவு. நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டையும் தாண்டியாக வேண்டும். இரண்டில் எது குறைவோ அதுதான் அவருக்குக் கிடைக்கும். சர்வரிலேயே உட்கார்ந்து திறப்பவருக்கு அறைக்கதவு மட்டும்தான். ஆகவே "சர்வர்ல திறக்குது, என் சிஸ்டத்துல மட்டும் சேவ் ஆகல" என்று ஒருவர் சொன்னால் செக்யூரிட்டி டேபைக் குடையாமல் நேராக ஷேர் பெர்மிஷனைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே 'ரீட்' மட்டும் டிக் ஆகியிருக்கும். தெருக்கதவில் அலுவலக குரூப்புக்கு 'சேஞ்ச்' கொடுத்துவிட்டு, கட்டுப்பாட்டை எல்லாம் அறைக்கதவில் வைப்பதே நல்லது. ஒரு விஷயம்: புதிதாக ஃபார்மேட் செய்த டி டிரைவில் 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்', அதாவது லாகின் ஆன எல்லாருக்கும் 'மாடிஃபை' தானாகவே இருக்கும். சம்பள ஃபோல்டர் மாதிரி பூட்ட வேண்டியதற்கு இன்ஹெரிட்டன்ஸை (மேலே இருப்பதன் பெர்மிஷன் தானாக இறங்குவதை) நிறுத்தி, 'கன்வர்ட்' கொடுத்து, அந்த வரியையும் படிக்க விடும் 'யூசர்ஸ்' வரியையும் எடுத்துவிட வேண்டும்.

எக்ஸெல் சிக்கலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 'ரீட்'டும் 'ரைட்'டும் கொடுத்தாயிற்று, ஃபைல் திறக்கிறது, டைப் செய்ய முடிகிறது, சேவ் கொடுத்தால் மட்டும் பிழை. ஃபோல்டரில் எட்டு எழுத்தில் புரியாத பெயரோடு, எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைல்கள் குவிந்து கிடக்கின்றன. எக்ஸெல் பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைல் ஒன்றை எழுதி, பழையதை அழித்து, புதியதற்கு அந்தப் பெயரை வைக்கிறது. 'ரைட்'டில் அழிக்கும் உரிமை கிடையாது; 'மாடிஃபை'யில் உண்டு. எக்ஸெல் புழங்கும் ஃபோல்டருக்கு 'மாடிஃபை'க்குக் குறைவாகக் கொடுத்துப் பயனில்லை. 'ஃபுல் கன்ட்ரோல்' வேண்டவே வேண்டாம், அதை வைத்து அவர்களே பெர்மிஷனை மாற்றிவிடலாம்.

தீபாவளி சீசனுக்கு இரண்டு மாதம் வேலைக்கு வருகிற பையனுக்கு யூசர் போட்டு, அந்தப் பெயரையே ஒவ்வொரு ஃபோல்டரிலும் சேர்ப்பதுதான் வழக்கமான தப்பு. அவன் போன பிறகு யூசரை அழித்தால் பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வருடம் அதே பெயரில் யூசர் போட்டாலும் பழைய உரிமை வராது, விண்டோஸுக்கு அந்த எண்தான் ஆள். கணக்கு, பில்லிங், குடோன் என்று மூன்று குரூப் போட்டு ஃபோல்டருக்குக் குரூப்பை மட்டும் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. குரூப்பில் சேர்த்த கையோடு அவரை லாக்-ஆஃப் செய்து திரும்ப வரச் சொல்லுங்கள். ஸ்க்ரீனை லாக் செய்து திறந்தால் போதாது.

முதலாளியின் யூசர் ஐடி அட்மின்தான், ஆனால் அவருடைய லேப்டாப்பிலிருந்து திறக்கவில்லை என்பதும் அடிக்கடி வருகிற புகார். வொர்க்குரூப்பில் லோக்கல் அட்மின் கணக்கு நெட்வொர்க் வழியாக வந்தால் அட்மின் பலம் கழற்றப்பட்டுத்தான் உள்ளே வரும். ஃபோல்டரில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' மட்டும் இருந்தால் அவருக்கும் கதவு மூடியேதான் இருக்கும். அவரையும் கணக்கு குரூப்பில் போட்டால் முடிந்தது.

பிழை எண்ணைக் கேட்டு வாங்கினால் பாதி வேலை குறையும். 5 என்றால் ஆளைத் தெரிகிறது, உரிமை இல்லை. 1326 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. பின் நம்பர் போட்டுப் பழகியவர்கள் நெட்வொர்க்கிலும் அதையே அடிப்பார்கள், அங்கே பின் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க்கில் விடாது. 1219 என்றால் அதே சர்வருக்கு வேறு பெயரில் ஏற்கெனவே இணைப்பு நிற்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'நெட் யூஸ்' போட்டுப் பார்த்துத் துண்டித்துவிட்டு, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பழைய பாஸ்வேர்டையும் அழியுங்கள்.

80070035 என்று முடியும் பிழை பெரும்பாலும் பெர்மிஷன் சமாச்சாரமே அல்ல, வழியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் போன கரண்ட் திரும்பி வந்ததும் ரவுட்டர் சர்வருக்கு வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி எண்) கொடுத்திருக்கும்; பழைய ஐபியில் மேப் செய்த டிரைவ் எல்லாம் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கும். ரவுட்டரில் அந்த ஐபியை ரிசர்வ் செய்துவிடுங்கள். ரவுட்டரையே மாற்றினால் இன்னொரு சிக்கல்: விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று நினைத்து 'பப்ளிக்' ஆக்கிவிடும், ஷேரிங் நின்றுபோகும். 'ப்ரைவேட்' ஆக மாற்ற வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால் பலர் 11-க்குப் போயிருக்கிறார்கள். அதில் 24எச்2 பதிப்பு பாஸ்வேர்டில்லாத கெஸ்ட் இணைப்பை ப்ரோவிலும் நிறுத்திவிட்டது. பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் நேராக மாட்டும் டிஸ்க் பெட்டி) திடீரென்று முரண்டு பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான். நெட்டில் கிடைக்கும் ரெஜிஸ்ட்ரி வித்தையைவிட, பெட்டியில் ஒரு யூசரும் பாஸ்வேர்டும் போடுவதே சரி.

எதுவும் புரியாதபோது 'எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்துவிட்டுப் போகிற சர்வீஸ் ஆட்களை நம்பாதீர்கள். ஒரு சிஸ்டத்தில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால் மொத்த ஷேரும் போய்விடும். அதற்கு நேர்மாறு 'டினை' டிக். 'யூசர்ஸ்' குரூப்புக்கு அதைப் போட்டால் அட்மினும் சேர்ந்தே வெளியே நிற்பார். ஒருவருக்கு வேண்டாம் என்றால் அவரைக் குரூப்பிலிருந்து எடுத்தால் போதும். சந்தேகம் வந்தால் செக்யூரிட்டி டேபின் அட்வான்ஸ்டில் 'எஃபெக்டிவ் ஆக்செஸ்' டேபில் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், யாருக்கு என்ன கிடைக்கிறது என்று காட்டிவிடும்.

ஒரே டிரைவுக்குள் ஃபைலை 'கட்' செய்து இன்னொரு ஃபோல்டரில் போட்டால் பழைய இடத்துப் பெர்மிஷன் கூடவே வரலாம். 'காப்பி' செய்தால் புது இடத்துடையதை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவுக்கு எடுக்கும் பேக்கப்பில் பெர்மிஷன் எதுவுமே போகாது. டிஸ்க் போய்ப் புதிதாகப் போடும் நாளில் மூன்று குரூப்பில் யார் யார், எந்த ஃபோல்டருக்கு எது என்று ஒரு தாளில் இருந்தால் அரை மணி நேர வேலை.