கார்ட்லெஸ் வேக்குவம்: பேட்டரி கழற்ற வருமா என்று பாருங்கள்

எங்கள் வீட்டில் இரண்டு கார்ட்லெஸ் வேக்குவம் கிளீனர்கள் இருக்கின்றன. ஒன்று தினமும் ஓடுகிறது, இன்னொன்று பரணில் கிடக்கிறது. அதிக விலை கொடுத்து வாங்கியது பரணில் கிடப்பதுதான்.

உறிஞ்சும் சக்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. மொசைக் தரையில் தூசி, முடி எல்லாவற்றையும் இரண்டுமே நன்றாக எடுக்கும். மல்லிகைச் சரத்து நார் பிரஷில் சுற்றிக்கொண்டால் இரண்டையுமே கவிழ்த்துப் போட்டு பிளேடால் அறுக்க வேண்டியதுதான்.

பார்வைக்குப் பழையதுதான் அழகு. எடையும் குறைவு, ஒட்டடை அடிக்கும்போது கை வலிக்காது. ஆனால் ஓடும் நேரமெல்லாம் டிரிக்கரை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சார்ஜ் வீணாகாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள், சரி, ஆனால் விரல் மூட்டு வலி உள்ள அம்மாவால் இரண்டு நிமிடம்கூடப் பிடிக்க முடியவில்லை. கொஞ்ச நாள் ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டினோம். புதியதில் ஒரு தட்டு தட்டினால் ஓடும், இன்னொரு தட்டில் நிற்கும்.

இதெல்லாம் சகித்துக்கொள்ளலாம். பழையதைப் பரணுக்கு அனுப்பியது பேட்டரி. முதலில் இருபது நிமிடம் ஓடியது, இரண்டு வருடத்தில் ஹாலைப் பாதி முடிப்பதற்குள் நின்றுபோனது. சர்வீஸ் சென்டரில், பேட்டரி உடம்போடு சேர்ந்தது, தனியாக மாற்ற முடியாது, முழு பாடியும் மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை புது மெஷின் விலையில் பாதி. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கத்தியை நுழைத்து நெம்பித் திறந்து காட்டினார்: டார்ச் லைட்டில் போடுவது போல ஏழு லித்தியம் செல்கள், ஒன்றோடொன்று நிக்கல் பட்டையால் வெல்டிங் செய்திருந்தது. செல்லுக்கு 3.6 வோல்ட், மொத்தம் 25.2. வரிசையில் ஒரே ஒரு செல் சோர்ந்தாலும் பாதுகாப்பு போர்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும், மற்ற ஆறும் நன்றாக இருந்தாலும் பயனில்லை. செல்லை மாற்றித் தருகிறேன் என்றார், ஆனால் திறந்ததில் பிளாஸ்டிக் கிளிப்புகள் உடைந்து மூடவே வரவில்லை. அதோடு முடிந்தது கதை.

புதியதில் கைப்பிடிக்குக் கீழே ஒரு பொத்தானை அழுத்தினால் பேட்டரி கையோடு வந்துவிடுகிறது. பார்க்கக் கட்டுமஸ்தாக, டிரில் மெஷின் போல இருக்கிறது. தூக்கிப் பிடித்து மின்விசிறியைத் துடைத்தால் மணிக்கட்டு வலிக்கிறது. இருந்தாலும் நாளை பேட்டரி போனால் பேட்டரியை மட்டும் வாங்கினால் போதும். வாங்கும் முன்பே அந்த மாடலுக்கு ஸ்பேர் பேட்டரி இங்கே தனியாக விற்கிறார்களா, என்ன விலை என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

பழையது சீக்கிரம் போனதில் என் பங்கும் உண்டு. சார்ஜிங் ஸ்டாண்டை மேற்கு பார்த்த பால்கனியில் மாட்டியிருந்தேன், மே மாத வெயிலிலும் இருபத்து நாலு மணி நேரமும் சார்ஜில் கிடந்தது. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகிவிடும். இப்போது படுக்கையறையில் வைத்துச் சார்ஜ் போட்டு, நிறைந்ததும் எடுத்துவிடுகிறேன். அதனால் இரண்டுக்கும் நான் கொடுத்த பரீட்சை ஒன்றல்ல. தவிர, புதியதற்குப் பதினாலு மாதம்தான் ஆகிறது, மோட்டார் எத்தனை வருடம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஃபில்டர் விஷயத்தில் இரண்டுமே ஒரே தலைவலி. வாசல் பக்கம் கோலமாவை உறிஞ்சினால் அடைத்துக்கொள்கிறது, கழுவினால் ஒரு நாள் காய வேண்டும், ஐப்பசி மழையில் இரண்டு நாள். ஈரத்தோடு மாட்டக் கூடாது. அதனால் ஃபில்டர் மட்டும் கூடுதலாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்பேர் பேட்டரியை இப்போதே வாங்கவில்லை, அது அலமாரியில் சும்மா இருந்தாலும் வயதாகிக்கொண்டே போகும்.