உலக முடிவா, லிப்டன் சீட்டா? பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

இரண்டுமே இலங்கை மலையகத்தில் மலை விளிம்பில் நின்று கீழே பார்க்கிற இடங்கள். இரண்டுக்கும் விடியவே போக வேண்டும், ஒன்பது பத்து மணியானால் பனி ஏறி மூடிவிடும். இரண்டையும் பார்த்துவிட்ட எனக்கு உலக முடிவு இருக்கிற ஹோட்டன் சமவெளிதான், அடுத்த விடுமுறைக்கும் அங்கேதான்.

லிப்டன் சீட் லேசான பயணம். அப்புத்தளையிலிருந்து, 1890ல் தேயிலை வியாபாரி லிப்டன் கட்டிய தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி உச்சிவரை ஆட்டோ போகும். ஆனால் எங்களைப்போலத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு தேயிலை மலை. "நம்ம மலை மாதிரியே இருக்கே" என்றான் சின்னவன். அம்மாயியும் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு, கவ்வாத்து வெட்டிய செடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமவெளியில் தேயிலையே இல்லை. 2100 மீற்றருக்கு மேலே பரந்த புல்வெளி, அதன் ஓரத்தில் பாசி தொங்குகிற குட்டை மரங்கள், பாதையோரம் மேய்கிற மரை. அப்புறம் சட்டென்று தரை முடிந்து கிட்டத்தட்ட 870 மீற்றர் பள்ளம். பெரியவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

யோசிக்க வேண்டியது நடையைத்தான். சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர், அதில் வாகனம் வராது, பாதி வழியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். அதனால் 6 மணிக்கு வாசல் திறக்கும்போதே நின்று, வழியில் வருகிற சிறிய விளிம்பான சின்ன உலக முடிவு வழியாக முதலில் விளிம்புக்குப் போய்விடுங்கள், பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியைத் திரும்பும்போது பாருங்கள். பனிக்கு முந்திவிடலாம், கால் வலிக்கிற நேரத்தில் அருவியைச் சொல்லிப் பிள்ளைகளை நடக்கவைக்கலாம். அருவிக்கு இறங்குகிற இடத்தில் ஈரக் கல்லும் வேருமாக இருக்கும், கையைப் பிடித்தே இறக்குங்கள். விளிம்பிலும் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், லஞ்ச் சீட் என்கிற பொலித்தீன் தாளில் சுற்றிய ரொட்டியெல்லாம் சரிவராது, தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூடக் கிழித்துவிட்டுத்தான் தருவார்கள். அந்தப் புல்வெளி சுத்தமாக இருப்பதைப் பார்த்தால் அது நல்லதென்றே படும்.

எங்கள் பிள்ளைகளுக்கு எட்டும் பதினொன்றும். கைக்குழந்தையோடு நான் போனதில்லை, அப்படிப் போகிறவர்களுக்குத் துணிந்து சொல்ல மாட்டேன். நாங்கள் போனதும் மாசி வெயிலில், மழை மாதத்தில் அதே பாதை வேறு மாதிரி இருக்கலாம். முழங்கால் வலியோடு இருக்கிற அம்மாயியைக் கூட்டிப்போவதென்றால் மறுபேச்சில்லை, லிப்டன் சீட்தான்.