மாற்குவை அழைத்துப்போவதா, விட்டுப்போவதா?

பம்பிலியாவில் பாதி வழியில் திரும்பிப்போன மாற்குவை மறுபடியும் நற்செய்தி அறிவிக்கும் ஊழியப் பயணத்தில் சேர்க்கலாமா? பைபிளில், அந்தியோகியா நகரில் இந்தக் கேள்வியால்தான் ஆதித் திருச்சபை ஊழியர்களான பவுலும் பர்னபாவும் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்தார்கள்.

பவுல் மறுத்தார். லீஸ்திராவில் கல்லெறிபட்டு, செத்தவர் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போடப்பட்டவர் அவர். உடன் வருபவன் நிலைத்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தது நியாயமே. சீலா என்ற இன்னொரு ஊழியருடன் சிரியா, சிலிசியா வழியே போனார்.

பர்னபாவோ மாற்குவுடன் சீப்புரு தீவுக்குக் கப்பலேறினார். உறவினன் என்ற பாசமும் இருந்திருக்கலாம். ஆனால், முன்பு சபையைத் துன்புறுத்தியவர் என்பதால் எருசலேமில் சீடர்கள் எல்லோரும் பவுலைக் கண்டு அஞ்சியபோது அவரை அப்போஸ்தலர்களிடம் அழைத்துப்போனவரும் இதே பர்னபாதான்! அதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் அவர் பக்கமே சாய்கிறது.

பிற்பாடு தன் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பயனுள்ளவன் என்கிறார் பவுல்.