'புட் ஆஃப்' வேறு, 'கால் ஆஃப்' வேறு: நான் பயன்படுத்தும் ஆங்கிலச் செயலி பற்றி

நாலு மாதமாக ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு 'ஆஃப்', 'இன்' மாதிரி சின்னச் சொல் சேர்ந்து தனிப் பொருள் தருவது) கற்றுத்தரும் செயலி ஒன்றைத் தினமும் திறக்கிறேன். உச்சரிப்பு அத்தனை தெளிவு, அதற்கு ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன். தமிழ் விளக்கத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை.

'புட் ஆஃப்', 'கால் ஆஃப்' இரண்டுக்கும் 'நிறுத்துதல்' என்று ஒரே பொருளைப் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி, ஒரு வாரம் தள்ளிப்போன கூட்டத்துக்கு 'த மீட்டிங் இஸ் கால்ட் ஆஃப்' என்று மெயில் எழுதிவிட்டேன். மறுநாள் காலையிலேயே மெயில் கிடைத்தவர்களிடமிருந்து ஃபோன், "எங்கள் மேல் ஏதாவது வருத்தமா, ஏன் வேண்டாம் என்று விட்டுவிட்டீர்கள்?" என்று. கால் ஆஃப் என்றால் அடியோடு ரத்து. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது, வேலை அப்படியே இருக்கிறது, நாள்தான் மாறுகிறது. இந்த ஒரு வரியை அங்கே எழுதியிருந்தால் எனக்கு அந்தச் சங்கடம் வந்திருக்காது.

இத்தனைக்கும் நமக்கு இந்த வகை வினை புதிதே இல்லை. 'கண்டுபிடி' என்கிறோம், அதில் காண்பதும் பிடிப்பதும் தனித்தனியாக எங்கே இருக்கிறது? 'விட்டுக்கொடு' என்பது 'கிவ் இன்'னுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 'தள்ளிப்போடு'வில் 'புட்'டுக்கு நேரான 'போடு'கூட இருக்கிறது! இங்கிருந்து ஆரம்பித்திருந்தால் பாதி பயம் போயிருக்கும்.

சொல்லை நகர்த்தி வாக்கியம் அமைக்கும் பயிற்சியை மட்டும் மனதாரப் பாராட்டுகிறேன். 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி, ஆனால் 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும், 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' என்று வைத்தால் உடனே சிவப்பு. 'புட் ஆஃப்' என்பதற்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் 'கோயிங்', 'டூயிங்' என்றுதான் வரும், 'டு கோ' வராது என்பதும் இந்தப் பயிற்சியில்தான் எனக்குக் கைவந்தது.

அப்புறம், 'த ஸ்மெல் புட் மீ ஆஃப்' மாதிரி ஒரு வாக்கியம் எங்கும் இல்லை. அந்த வாடையிலேயே சாப்பிடும் ஆசை போய்விட்டது என்கிற பொருள் அது, சாதாரணப் பேச்சில் அடிக்கடி வரும், அதை விட்டது பெரிய குறை.

பயிற்சிக்காக வைத்துக்கொள்ளுங்கள், பொருளுக்கு நல்ல அகராதி ஒன்றைக் கூடவே திறந்துவையுங்கள். பிழையைத் தெரிவிக்கும் பொத்தானில் இரண்டு முறை எழுதிவிட்டேன், நேற்று பார்த்தபோதும் 'நிறுத்துதல்' அப்படியேதான் இருந்தது.