தீவுப் பயணத்தில் ஸ்கூபா: ஒரு நாள் டைவா, முழு கோர்ஸா?

நண்பர்களோடு தீவுக்குப் போவது என்று முடிவானதும் அடுத்த பேச்சு பெரும்பாலும் ஸ்கூபாதான், அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் போவது. குழப்பமும் அங்கேதான் தொடங்கும். கரையோரம் இருக்கும் எந்த டைவ் சென்டரைக் கேட்டாலும் புதியவர்களுக்கு இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஒரே நாளில் முடிந்துவிடும் அறிமுக டைவ். டிஸ்கவர் ஸ்கூபா, ட்ரை ஸ்கூபா என்று பயிற்சி அமைப்பைப் பொறுத்து அதற்குப் பெயர் மாறும். இன்னொன்று, மூன்று நான்கு நாள் பிடிக்கும் ஓப்பன் வாட்டர் கோர்ஸ். அதை முடித்தால் டைவ் செய்யத் தகுதி பெற்றதற்கான ஒரு கார்டு கையில் வரும், அதற்குக் காலாவதி கிடையாது.

எங்கள் குழு இதில் இரண்டாகப் பிரிந்தது. சிலர் ஒரு நாள் டைவுக்குப் போனார்கள், சிலர் கோர்ஸில் சேர்ந்தோம். நான் கோர்ஸ் பக்கம். இப்போது யார் கேட்டாலும் நாள் இருந்தால் கோர்ஸையே எடுங்கள் என்பேன். அப்படிச் சொல்ல எனக்கு முதல் காரணம் காது. கார்டு, ஆழம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். அறிமுக டைவில் அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். ஓப்பன் வாட்டர் முடித்தவருக்கு 18 மீட்டர். உலகமெங்கும் பரவியிருக்கும் பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) என்ற இரண்டு டைவ் பயிற்சி அமைப்புகளிலும் இதே அளவுதான், அதனால் இரண்டில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கோர்ஸில் பாடமும் தேர்வும் உண்டு, செலவும் கூடும். 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், மாஸ்க், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), ஸ்நார்கெல் (மூச்சுக்குழல்) போட்டுக்கொண்டால் 300 மீட்டர். அதோடு 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். வேகம் பார்ப்பதில்லை. அறிமுக டைவுக்கு இந்த நீச்சல் தேர்வு இல்லை.

கூடுதல் 6 மீட்டருக்காக மட்டும் கோர்ஸ் எடுக்க நினைத்தால் வேண்டாம். வெப்பமண்டலக் கடலில் பவளப்பாறைகளும் அவற்றைச் சுற்றும் மீன்களும் வெளிச்சம் நிறைந்த மேல்பகுதியிலேயே ஏராளமாக இருக்கும். ஆழம் கூடக் கூட சிவப்பு முதலில் மங்கி, எல்லாமே நீலச்சாயலுக்கு மாறிவிடும். பார்ப்பதற்கு 12 மீட்டர் தாராளம்.

சரி, காதுக்கு வருவோம்.

கடல்மட்டத்தில் நம்மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். 10 மீட்டர் இறங்கினால் அது இரண்டாகும், 20 மீட்டரில் மூன்றாகும். கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிறது, அடுத்த 10 மீட்டரில் ஒன்றரை மடங்குதான் ஆகிறது. செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காதில் இருக்கும் காற்று, அந்த முதல் 10 மீட்டருக்குள்ளேயே பாதி அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். விமானம் இறங்கும்போது காது அடைக்குமே, அதே சங்கதிதான், ஆனால் பல மடங்கு வேகமாக நடக்கும். ஆகவே ஆழம் குறைந்த டைவ்தானே, சுலபமாக இருக்கும் என்ற நினைப்பு காதிடம் எடுபடாது. காதுக்குக் கடினமான பகுதி எதுவோ, புதியவர்கள் இறங்கி ஏறும் பகுதியும் அதுவே.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு யூஸ்டேக்கியன் குழாய் என்ற ஒரு மெல்லிய வழி இருக்கிறது. அதைத் திறந்து காற்றை உள்ளே அனுப்பினால் அழுத்தம் சமமாகும். டைவ் சென்டரில் இதை ஈக்வலைஸ் செய்வது என்பார்கள். மூக்கைப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மெதுவாக ஊதுவது ஒரு முறை, அதற்கு வல்சால்வா என்று பெயர். மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்குவது டாயின்பீ முறை. இரண்டும் கேட்பதற்குச் சுலபம். செய்வதில் முக்கியமானது நேரம். வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும், ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தடவையாவது செய்ய வேண்டும். வலி தொடங்கிவிட்டால் அந்தக் குழாயின் வாய் ஏற்கெனவே அழுத்தத்தில் இறுகிப் போயிருக்கும். அப்போது பலமாக ஊதினால் திறக்காது, காதுக்குத்தான் கேடு. ஒரு மீட்டர் மேலே ஏறி, வலி போன பிறகு மறுபடி முயல வேண்டும். தலை கீழே இருக்க இறங்குவதைவிட, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் கீழே இருக்க இறங்கினால் நன்றாகத் திறக்கும்.

இப்போது இதை ஒரு நண்பர் குழுவில் வைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஆள் காது வேறு. ஒருவருக்கு எச்சில் விழுங்கினாலே திறந்துவிடும். ஒருவருக்கு வலது காது உடனே திறக்கும், இடது காது அடம்பிடிக்கும். தண்ணீரில் இறங்கிப் பார்க்கும்வரை யாருக்கு எப்படி என்று சொல்ல முடியாது. அறிமுக டைவில் கடலுக்குள் ஓர் இன்ஸ்ட்ரக்டர் அதிகபட்சம் நான்கு பேரை அழைத்துப் போகலாம் என்பது பாடி விதி. நால்வரில் ஒருவருக்குக் காது திறக்காமல் 3 மீட்டரில் நின்றுவிட்டால் மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். நம்மால் எல்லோருடைய நேரமும் போகிறதே என்ற எண்ணம் அந்த ஒருவருக்கு வரும் பாருங்கள், அதுதான் ஆபத்தான நேரம். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கத் தோன்றும்.

எங்களோடு வந்த தோழி ஒருத்திக்கு அறிமுக டைவில் இடது காது திறக்கவே இல்லை. ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பார்த்தாள். இன்ஸ்ட்ரக்டர் பொறுமையானவர், அவளை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் டைவ் வேண்டாம் என்று மேலே அழைத்து வந்துவிட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. ஆனால் அவளுடைய ஸ்கூபா அந்தக் காலையோடு முடிந்தது. கோர்ஸ் பக்கம் இருந்த நண்பன் ஒருவனுக்கும் முதல் நாள் இதே கதை. நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்துக்குப் போனாலே முகம் சுளிப்பான். அவனுக்கு மறுநாள் என்று ஒன்று இருந்தது, அதற்கும் அடுத்த நாள் இருந்தது. தண்ணீருக்குள் தலை போவதற்கு முன்பே ஒரு தடவை மெதுவாக ஈக்வலைஸ் செய்யப் பழக்கினார்கள். தாடையை அசைத்துக்கொண்டே விழுங்கச் சொன்னார்கள். கடலில் முதல் டைவில் அவனை மட்டும் கயிற்றில் தனியாக, மிக மெதுவாக இறக்கினார்கள். கடைசி டைவுக்குள் எங்களோடு சேர்ந்தே இறங்கினான்.

இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே மாதிரி சிக்கல்தான். அவளைவிட அவன் திறமைசாலி என்றெல்லாம் கிடையாது. அவனுக்கு நாள் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. இதைப் பார்த்த பிறகு, கோர்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த அவகாசத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாஸ்க் விஷயமும் இப்படியே. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். சிலருக்கு முகத்தில் தண்ணீர் பட்ட கணமே மூச்சு தடுமாறும். பாடி கோர்ஸில் கடலுக்கு முன் குளத்திலோ ஆழமற்ற அமைதியான நீரிலோ ஐந்து கட்டப் பயிற்சி உண்டு. அதில் இதையும், வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) தேடி எடுப்பதையும், காற்று தீர்ந்தால் கூட இறங்கும் ஜோடியிடமிருந்து வாங்கிச் சுவாசிப்பதையும் அலுக்கும்வரை செய்ய வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் கடலில் நான்கு டைவ். எதிலாவது ஒன்றில் தடுமாறினால் அதை மட்டும் மறுநாள் திரும்பச் செய்யலாம்.

சளி இன்னொரு வில்லன். மூக்கடைப்பு இருக்கும் நாளில் இறங்கவே கூடாது. மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் பலன் தண்ணீருக்கடியில் இருக்கும்போதே தீர்ந்துபோனால், மேலே ஏறும்போது விரிகிற காற்று வெளியேற வழியில்லாமல் காதிலும் நெற்றியிலும் சிக்கிக்கொள்ளும். கோர்ஸில் இருப்பவர் அன்று பாடம் படித்துவிட்டு அட்டவணையைத் தள்ளிப்போடலாம். ஒரு நாள் டைவ் பதிவு செய்தவருக்கு அந்த நாளே கையைவிட்டுப் போய்விடும்.

இத்தனையும் சொன்ன பிறகு அறிமுக டைவைக் குறைத்துப் பேசக் கூடாது. கோர்ஸ் விடுமுறையைத் தின்னும், அது உண்மை. காலையில் சீக்கிரம் எழ வேண்டும், மாலையில் பாடம் இருக்கும், மறுநாள் டைவ் இருப்பதால் இரவுக் கொண்டாட்டத்தையும் மதுவையும் விட வேண்டும். டைவ் செய்யாத நண்பர்கள் கடற்கரையில் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்று சில நாட்கள் போயின. தீவில் இருக்கப்போவதே மூன்று நாள் என்றால் கோர்ஸை அதற்குள் திணிக்காதீர்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை நீரடியைப் பார்த்தால் போதும் என்று நினைக்கும் குழுவுக்கு அறிமுக டைவ் நிறைவாகவே இருக்கும். காது ஒத்துழைத்த மற்ற நண்பர்கள் அன்று மேலே வந்தபோது அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் எங்கள் சந்தோஷத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. பின்னால் மனம் மாறினால், அதில் செய்ததில் ஒரு பகுதியைக் கோர்ஸ் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் பாடியில் வழி உண்டு. முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் டைவ் என்று முடிவு செய்தால் அதைப் பயணத்தின் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பலர் கடைசி நாளுக்கு ஒதுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் காது திறக்காவிட்டால் இன்னொரு முயற்சிக்கு நாள் இருக்காது, விமானமும் இடிக்கும். ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 12 மணி நேரமும், ஒரு நாளில் பல டைவோ பல நாட்கள் தொடர்ந்தோ செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது டைவ் பாதுகாப்புக்காக இயங்கும் டான் (DAN) அமைப்பின் வழிகாட்டல். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் தேவை. நான் முழுசாக ஒரு நாள் விடச் சொல்வேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்துவிட்டு, கடல் டைவ் நான்கை மட்டும் தீவில் செய்வது. இதை ரெஃபரல் என்பார்கள். தீவில் இரண்டு நாள்தான் போகும். பாடத்தை மட்டும் நான் கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் படித்துவிட்டேன், அது பெரிய உதவி. குளப் பயிற்சியைத் தீவில்தான் செய்தேன், அதனால் இந்த வழியைப் பற்றி என் அனுபவம் பாதிதான். எங்கள் படகில் அப்படி வந்திருந்த ஒருவர் மாஸ்க், ரெகுலேட்டர் வேலைகளில் எங்களைவிடத் தெளிவாக இருந்தார். எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் பழையதுதான். பயிற்சிக் குளம் ஆழம் குறைந்ததாக இருந்தால் காதுக்கு உண்மையான சோதனை கடலில்தான் தொடங்கும், அதற்கு இரண்டு நாள் கொஞ்சம் இறுக்கம்.

எந்த வழியானாலும் மருத்துவக் கேள்வித்தாளைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கி நிரப்பிப் பாருங்கள். ஆஸ்துமா, இதயச் சிக்கல், காது அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கு ஆம் என்று எழுத வேண்டியிருந்தால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள். சின்னத் தீவில் போய் இறங்கிய பிறகு அதற்கு அலைவது கஷ்டம். கையெழுத்துக்குப் பயந்து இல்லை என்று எழுதுவது அதைவிட மோசம், காதும் நுரையீரலும் பொய்யை ஏற்காது.

அப்புறம் இன்ஸ்ட்ரக்டர் கணக்கு. கோர்ஸில் கடலுக்குள் ஒருவர் எட்டு பேர் வரை அழைத்துப் போகப் பாடி விதி அனுமதிக்கிறது. எட்டு பேரில் உங்கள் காது திறக்காவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துவிட்டு, நான்கு பேருக்கு மேல் சேர்க்காத இடமாகத் தேடுங்கள். நண்பர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வருகிறோம், எங்களையே ஒரு குழுவாக வையுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். காத்திருப்பவர்கள் தெரிந்தவர்களாக இருந்தால், காது அடைத்தவருக்கு வரும் கூச்சம் பாதி குறைந்துவிடும்.

கோர்ஸின் கடைசி நாளில் சளியோ புயலோ வந்து டைவ் மிச்சப்பட்டுப் போனாலும் செய்தது வீணாகாது. அதுவரை முடித்த பகுதிகளை எழுதி, கையெழுத்துப் போட்ட படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாடியில் அது 12 மாதம் செல்லும். அதற்குள் வேறு எந்தக் கடலிலும், வேறு எந்தப் பாடி சென்டரிலும் மிச்ச டைவ்களை முடித்துக் கார்டை வாங்கலாம்.